திருகுத் துளைக்குள் ஒரு சாட்சி

"தேடுங்க தம்பி, நல்லாத் தேடுங்க. அடுப்புக்குள்ளயும் கைய விட்டுப் பாருங்க. சுடும். எங்களுக்குப் பழகிப்போச்சு, உங்களுக்கு எப்படியோ!"

உலைக்காரரின் மனைவி துணிப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்து பட்டாசின் காலடியில் விழுந்தது. அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். பின்னால் சுவர்.

பட்டாசு என்பது அவனுக்குப் பழகியவர்கள் வைத்த பெயர். எதைக் கண்டாலும் ஒரு வெடி வெடிக்காவிட்டால் அவனுக்கு நாக்கு அரிக்கும். அவனுடைய முதலாளியோ நேர் எதிர். துப்பறியும் தொழிலில் இருந்துகொண்டு ஒருநாளும் ஓடியறியாதவள். அவள் பெயர் நிதானம். இப்போதும் ஜன்னலோரம் நின்று வெளியே காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி.

"அக்கா, எங்களுக்கும் இது பிடிச்சா செய்யறோம்? பட்டறை மேடம் சொல்லிட்டாங்க…" என்றான் பட்டாசு.

"மேடம் சொன்னாங்க, சரி. சோப்புன்னு சொன்னது யாரு? அதையும் மேடமா சொன்னாங்க?"

பட்டாசின் வாய் மூடிக்கொண்டது. அவன் வாயை மூட வைத்தவர்கள் இந்த உலகத்தில் ரொம்பக் குறைவு.

விஷயம் இதுதான். உலைக்காரர் வேலை பார்த்த பட்டறை, மில்லிங் மெஷின்களில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குத் தாடைகள் செய்து கொடுக்கும் பட்டறை. மைல்ட் ஸ்டீல் தாடைகள். வெள்ளிக்கிழமை உலையிலிருந்து வெளியே வந்ததும் எல்லார் முன்னாலும் அரத்தால் ராவிப் பார்த்தார்கள். அரம் வழுக்கியது. இரும்பு கல்லாகியிருந்தது. பிறகு கடைசி மெருகுக்கு ஒரு தேய்ப்பு, பெட்டி கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் பெட்டி திரும்பி வந்தது. தாடைகளில் பல்லால் கடித்ததுபோலத் தடம். மெழுகாட்டம் மெது.

பட்டறை முதலாளியின் மகள்தான் நிர்வாகம். அவள் ஒரே முடிவுக்கு வந்தாள்: கெட்டியான தாடைகளை யாரோ திருடி விற்றுவிட்டு, உலையே காணாத பச்சைத் தாடைகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். சரக்கறைச் சாவி அவள் அப்பாவிடம் ஒன்று, உலைக்காரரிடம் ஒன்று. அப்பா திருடுவாரா?

நேற்று நிதானத்தை அழைத்திருந்தாள். நிதானம் கதவு, பூட்டு என்று ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பட்டாசு ஒரு தாடையை எடுத்து எல்லார் எதிரிலும் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்தான். அரம் கடித்து இறங்கியது. அப்போதுதான் அந்த வெடி வெடித்தது.

"மாஸ்டர், இத உலையில வெச்சீங்களா, இல்ல குளிக்க வெச்சீங்களா? சோப்பு மாதிரி கரையுதே!"

பட்டறையே சிரித்தது. உலைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தோல் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெளியே போய்விட்டார். அந்த மௌனம்தான் வாக்குமூலம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று இந்தத் தெரு முனையில் கடைக்காரரிடம் வீட்டுக்கு வழி கேட்டபோது அவர் சொன்னார்: "யாரு, சோப்பு மாஸ்டரா? அந்த மூணாவது கதவு."

தான் செய்த நகைச்சுவை தன்னை முந்திக்கொண்டு வந்து தெரு முனையில் நிற்கும் என்று பட்டாசு எதிர்பார்க்கவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரக்கு கிடைக்கலேன்னா மேடம் போலீஸுக்குப் போயிடுவாங்க," என்றாள் நிதானம், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. "போயிட்டா அப்புறம் யார் நெனச்சாலும் அந்தப் பேரை அழிக்க முடியாது. அதனாலதான்மா வந்தோம்."

"எங்க வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட எடுத்துட்டு வந்ததில்ல. எத்தன வருஷம்! தேடிட்டு, இல்லேன்னு அந்தப் பட்டறை வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லணும். சிரிச்ச அத்தன பேரும் கேக்கணும்."

"கட்டிலுக்குக் கீழ இருக்கு."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. உலைக்காரர் கதவருகே நின்றார். அகலமான மனிதர். புருவ முடி பாதி பொசுங்கியிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

"துணியில சுத்தி வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க."

பட்டாசு குனிந்து எடுத்தான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தாடை. பளபளவென்றிருந்தது.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், ஏன்தான் எடுத்தோமோ என்றாகிவிட்டது அவனுக்கு. இத்தனை நேரம் தீக்குச்சி மாதிரி சீறிக்கொண்டிருந்தவள், கவிழ்ந்த பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க இது?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நேத்து வரும்போது பையில போட்டுக்கிட்டேன். திரும்பி வந்த சரக்குல ஒண்ணு."

"எதுக்கு மாஸ்டர்?" என்றாள் நிதானம்.

"அரம் வெச்சுப் பாக்கலாம்னு."

"பாத்தீங்களா?"

"இல்ல. தைரியம் வரல. நான் தூங்கிட்டேன்மா."

"என்னது?"

"மைல்ட் ஸ்டீலைச் சும்மா பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள கரிச்சத்து இல்ல. கரித்தூளோட பெட்டியில போட்டு, களிமண் பூசி அடைச்சு, பகல் பூரா ஒரே செக்கச்சிவப்புல வெச்சிருக்கணும். அப்பத்தான் மேல்தோல் கரியைக் குடிக்கும். அப்புறம் தண்ணியில முக்கினா அந்தத் தோல் கல்லாயிடும். உள்ள பழையபடி மெதுவாத்தான் இருக்கும்."

"மேல எங்க ஹெட்மாஸ்டர், உள்ள எங்க அம்மா," என்றான் பட்டாசு. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு ஸ்டூல்ல உக்காந்தவன் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா தீ தணிஞ்சிருந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியாது. கிளறிவிட்டு மறுபடி ஏத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. தோல் மெலிசாப் போச்சு. அரத்துக்குத் தப்பிச்சு, கடைசி மெருகுத் தேய்ப்புல மொத்தமாப் போயிருக்கு. இந்தத் தம்பி சொன்னதுல தப்பே இல்ல. அது சோப்புதான். திருடன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. தூங்கிட்டான்னு சொல்லிடக் கூடாதேன்னுதான் வந்துட்டேன்."

பட்டாசு கையிலிருந்த தாடையை நிதானத்திடம் நீட்டினான். அது கனத்தது.

நிதானம் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு திருகுகள் போவதற்கு இரண்டு துளைகள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியாகப் பட்டாசைப் பார்த்தாள்.

"பட்டாசு, வெளியே கண்ணாடி மாதிரி இருக்கு. துளைக்குள்ள ஏன் இவ்வளவு கறுப்பு?"

"பல்லு விளக்கியிருக்காது பாஸ்."

"பச்சைத் தாடையில துளை போட்டா உள்ளேயும் வெள்ளி மாதிரி மின்னும். இது உலைக் கறுப்பு. அப்படித்தானே மாஸ்டர்?"

உலைக்காரர் தலையை நிமிர்த்தினார். "ஆமா."

"அப்ப இது உலைக்குள்ள போயிட்டு வந்த தாடை. யாரும் எதையும் மாத்தல. திருட்டே நடக்கல."

"அதான் நான் சொல்றேனே. நான் தூங்கினதுதான்…"

"அரம் இருக்கா?"

மனைவிதான் எழுந்து போய்க் கொண்டுவந்தாள். நிதானம் தாடையின் முன்முகத்தில் ராவினாள். கடித்தது. பொடி உதிர்ந்தது. உலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவள் தாடையைத் திருப்பினாள். பின்முகத்தில் ராவினாள்.

கிறீச்சென்று அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுபடி. மறுபடியும் வழுக்கல். ஒரு கீறல்கூட இல்லை.

"கடைசி மெருகு ரெண்டு பக்கமும்தானே போடுவாங்க?"

"ரெண்டு பக்கமும்தான். ஒரு மயிரளவு."

"நீங்க தூங்கினதால தோல் மெலிசாப் போயிருந்தா ரெண்டு பக்கமும் போயிருக்கணும். பின்னாடி கல்லு மாதிரி நிக்குதே? உங்க தூக்கம் முன்பக்கத்த மட்டும் பாத்தா பாதிச்சுது?"

உலைக்காரர் தாடையை வாங்கினார். அரத்தை வாங்கினார். தானே ராவினார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி பின்பக்கம்.

"திருப்பிப் பாக்கலயே," என்றார். "நான் திருப்பியே பாக்கலயே."

நானும்தான் என்று பட்டாசுக்குள் ஒன்று சொன்னது. நேற்று அவன் கையில்தான் தாடை இருந்தது, அவன் கையில்தான் அரம் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புரட்டியிருந்தால் போதும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோக் தயாராக இருந்தது. ஜோக் தயாராக இருக்கும்போது எவன் இரும்பைப் புரட்டிப் பார்ப்பான்?

"கிளம்புங்க," என்றாள் நிதானம். "முன்பக்கத்துத் தோலை யாரோ உரிச்சிருக்காங்க. மயிரளவு இல்ல, தாராளமாவே."

பட்டாசு கீழே கிடந்த துணிகளை அள்ளிப் பெட்டிக்குள் வைக்கப் போனான்.

"விடுங்க," என்றாள் அந்த அம்மா. "உங்களுக்கு மடிக்கத் தெரியாது."

* * *

பட்டறை வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள் முதலாளியின் மகள். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம். ஆனா நீங்க தேடினது இல்ல."

உலைக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ ஒருவன், "சோப்பு வந்துருக்குடா," என்று முணுமுணுத்தான். பட்டாசின் காது சுட்டது. சொன்னவனை முறைக்கவும் அவனுக்கு உரிமை இல்லை. அந்தப் பேரே இவன் கொடுத்த சரக்கு.

"பட்டாசு, மில்லிங் மெஷினுக்கு அடியில பாரு. நேத்தே ஒரு துண்டு பாத்தேன்."

எண்ணெயும் இரும்புச் சுருளும் அப்பிய தரையில் கையை விட்டு அவன் துழாவினான். அதே அளவில் ஒரு தாடை. ஒரு துளை கோணலாக விழுந்துவிட்டதால் உலைக்குப் போகாமல் ஒதுக்கிப்போட்ட துண்டு. நிதானம் அதைத் துடைத்து, தேய்த்து முடித்த தாடைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். மகளின் விரலைப் பிடித்து இரண்டுக்கும் மேலே ஓட்டினாள்.

"நகம் தட்டுது," என்றாள் மகள்.

"மயிரளவுக்கு நகம் தட்டுமா மேடம்?"

"தட்டாது. இது… ரொம்ப அதிகமா இருக்கே. உலைக்கு முன்னாடி சீவும்போதே தடிமனா விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. உலைக்கு அப்புறம் மெருகு போட வந்தப்ப தாடை தடிமனா இருக்கறது தெரிஞ்சிருக்கு. அளவுக்குக் கொண்டுவர முன்பக்கத்தத் தேய் தேய்னு தேய்ச்சிருக்காங்க. மாஸ்டர் பகல் பூரா ஊட்டின தோல் அங்கதான் போச்சு." நிதானம் குரலைத் தாழ்த்தினாள். "சீவறதும் கடைசித் தேய்ப்பும் இங்க யாரு வேலை?"

பட்டறையில் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

மில்லிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா. தொழிலில் அவருக்கு மில்லி ஐயா என்று பெயர். கண்ணால் பார்த்தே அளவு சொல்வார். கருவி வைத்துப் பார்த்தால் அதேதான் வரும். தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரில் அரைக்கோட்டைக் கவனிக்காமல் அளவு சொல்லும் புது ஆட்களை அவர் வாங்கும் வாங்கு, தெருவுக்கே கேட்கும். கோட்டுக்கு மேலே முழு மில்லி, கீழே அரை மில்லி. கீழே இருப்பதை விட்டுவிட்டால் அரை மில்லி காலி.

"அப்பாவா? சான்ஸே இல்ல," என்றாள் மகள்.

"ஐயா," என்றாள் நிதானம், ஒதுக்கிய துண்டை நீட்டி. "இதோட தடிமன் எவ்வளவுன்னு உங்க வாயால சொல்லுங்க."

பெரியவர் மைக்ரோமீட்டரை எடுத்தார். கை பழகிய கை. துண்டைக் கவ்விய விதம் அழகு. கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். விளக்குப் பக்கம் சாய்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று இதே இடத்தில், இதே கூட்டம், இன்னொருவரை இப்படித்தான் பார்த்தது.

"இருபது புள்ளி ஒண்ணு."

மகள் அவர் கையிலிருந்தே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"சொல்லும்மா," என்றார் பெரியவர்.

"அப்பா… கீழ அரைக்கோடு வெளிய வந்திருக்கு."

"அப்ப இருபது புள்ளி ஆறு. அரை மில்லி கூட."

"ஆமாப்பா."

பெரியவர் மைக்ரோமீட்டரை மேஜைமேல் வைத்தார், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல. "மேல் கோடு தெரியுதும்மா. கீழ்க்கோடு தெரியல. கொஞ்ச நாளாவே தெரியல. லீவு நாள்ல தனியா வந்து மெருகு போட உக்காந்தேன். வைஸ்ல மாட்டிப் பாத்தா இறங்கல. அப்பத்தான் புரிஞ்சுது."

வாசலிலிருந்து உலைக்காரர் கேட்டார். "தேய்க்கும்போதே தெரிஞ்சுதா ஐயா?"

கேள்வியில் கோபம் இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்கும் கேள்வி.

"தெரிஞ்சுது. பூவா வெடிச்சுக்கிட்டிருந்த தீப்பொறி, பாதியில வெறும் கோடா நீள ஆரம்பிச்சுது. தோல் போயிடுச்சுன்னு அந்தப் பொறியே சொல்லுச்சு. கோடுதான் தெரியல, பொறி தெரியாதா எனக்கு? பாத்தும் பாக்காத மாதிரி தேய்ச்சேன். அரம் வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடுமேன்னு அரத்தையே தொடல. சரக்கு திரும்பி வந்தப்ப இவ திருட்டுன்னா. சரி, இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்னு இருந்தேன். நேத்து நீ ஏப்ரனை ஆணியில மாட்டிட்டுப் போனப்பவும் இங்கதான் உக்காந்திருந்தேன். நீ போறதப் பாத்தேன்." எழுந்து மகளிடம் திரும்பினார். "போலீஸுக்குக் கிளம்பினியே. வா போலாம். எங்கப்பனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு சொல்லு."

மகளின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. எடுக்கவில்லை.

பட்டாசின் விலாவில் பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தான். "ஒண்ணு விடுண்ணே!"

இருந்தது. நாக்கு நுனியில் ஒன்று இருந்தது, நேற்றையதைவிடப் பிரமாதம். விட்டால் பட்டறைக் கூரை பறக்கும். நாளைக்கே பெரியவருக்குப் புதுப் பெயர் தெரு முனை வரை போய்ச் சேர்ந்துவிடும். பட்டாசு அதை மென்று விழுங்கினான். இரும்புத் தூளை விழுங்கியதுபோலத் தொண்டையை அறுத்துக்கொண்டு போயிற்று.

அதற்குப் பதிலாக வாசலைப் பார்த்து நடந்தான். உலைக்காரர் எதிரில் நின்று சத்தமாகச் சொன்னான், நேற்று எவ்வளவு சத்தமோ அதே சத்தத்தில்.

"திருட்டு நடக்கல. மாஸ்டர் உலையிலயும் தப்பில்ல. நேத்து நான்தான் இரும்பைத் திருப்பிப் பாக்காம வாயைத் திறந்தேன். சிரிச்சவங்க எல்லாரும் கேட்டுக்குங்க." பிறகு குரலை இறக்கினான். "மாஸ்டர், நான்…"

"போதும்," என்றார் உலைக்காரர்.

அவர் உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டினார். பெரியவரைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார். திரும்பி வந்த தாடைகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"அளவு இப்ப சரியாத்தான் இருக்கு. மறுபடி கரி ஏத்தலாம். மெருகு கையாலயே போட்டுக்கலாம். ஐயா, பெட்டி அடைக்க நீங்க வாங்க, அதுக்குக் கோடு பாக்க வேணாம்." பிறகு பட்டாசின் பக்கம் திரும்பினார். "நீயும் வா. பெட்டி உலையில இருக்கற வரைக்கும் என் பக்கத்துல உக்காரணும். நான் கண்ணசந்தா தட்டி எழுப்பணும். வாயைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம் மாஸ்டர்?"

"இப்பவே திறக்கறியே."

யாரோ சிரித்தார்கள். இந்த முறை அது பட்டாசைப் பார்த்துத்தான். நிதானம் அவனைக் கண்டுகொள்ளாமல் தன் பையை மாட்டிக்கொண்டாள். "பாஸ், நீங்களாவது…" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தாடைகளைக் கரித்தூளுக்குள் அடுக்கினார்கள். மூடியின் விளிம்பில் பட்டாசு களிமண்ணை அப்பினான். இடுக்கு விடாமல், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பினான். பெட்டி உள்ளே போயிற்று. ஸ்டூலில் ஒருவர், தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் ஒருவர், தரையில் ஒருவன் என மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பகல் நகர்ந்தது. யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

உலை வெளிச்சத்தில் மூன்று முகமும் ஒரே மாதிரி சிவந்திருந்தன. வெட்கத்தை மறைக்கப் பட்டாசுக்கு அது வசதியாகப் போயிற்று.